முன்பாத ஆப்பு: பெருவிரலைத் தூக்கிப் பார்த்தபின் எடுக்க வேண்டிய முடிவு

பாதத்தைத் தாங்கிச் சரிசெய்ய அளவெடுத்துச் செய்து காலணிக்குள் வைக்கப்படும் ஆர்த்தோட்டிக் இன்சோல்களைப் பற்றிப் பேசும்போது எல்லோருடைய கவனமும் குதிகால் கிண்ணத்தின் மீதும் உள்வளைவின் மீதும்தான் இருக்கிறது. சிகிச்சைக்கு வருபவர்கள் "வளைவு வச்ச செருப்பு" என்று கேட்கிறார்கள். எழுதி அனுப்பும் மருத்துவர்களில் பலரும் ‘ஆர்ச் சப்போர்ட்’ என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஆனால், விரல்களுக்குச் சற்றுப் பின்னால், முன்பாதத்தின் உள்பக்கத்திலோ வெளிப்பக்கத்திலோ சில மில்லிமீட்டர் உயரத்தில் வைக்கப்படும் ஆப்புதான், பல கால்களில் அந்த இன்சோல் உதவுமா, புதிய தொந்தரவைத் தருமா என்பதைத் தீர்மானிக்கிறது. பட்டறையில் இன்சோல் செய்பவனாகவும், அதை அணிந்துகொண்டு மறுபடி வருபவர்களின் கால்களைப் பார்ப்பவனாகவும் இருக்கும் எனக்கு இதில் உறுதியான ஒரு கருத்து உண்டு. நோயாளியைப் படுக்கவைத்து அளந்த சாய்வை மட்டும் நம்பி முன்பாதத்தின் உள்பக்கத்தில் ஆப்பு வைக்கக் கூடாது. நிற்கும் காலில் பெருவிரல் எப்படி எழும்புகிறது என்று பார்த்த பிறகே வைக்க வேண்டும்.

படுக்கவைத்து அளக்கும் முறை எங்கிருந்து வந்தது என்பதை முதலில் சொல்ல வேண்டும். கலிஃபோர்னியாவின் சான் பிரான்சிஸ்கோவில் பாத மருத்துவம் கற்பித்த மெர்ட்டன் ரூட்டும் அவருடைய சகாக்களான ஓரியன், வீட் ஆகியோரும் 1970-களில் இதை முழுமையான கோட்பாடாக எழுதினார்கள். கணுக்காலுக்குக் கீழே உள்ள சப்டேலர் மூட்டை நடுநிலையில் பிடித்துக்கொண்டு, நான்காம் ஐந்தாம் மெட்டாடார்சல் எலும்புகளின் (விரல்களுக்குப் பின்னால் உள்ள நீண்ட எலும்புகள்; பெருவிரல் பக்கத்திலிருந்து எண்ணப்படுபவை) தலைகளைக் கைக் கட்டைவிரலால் மேல்நோக்கித் தள்ளி, நடுப்பாதம் இறுகியதும், குதிகாலோடு ஒப்பிட்டு முன்பாதம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று அளப்பது அவர்கள் முறை. உள்பக்கம் தரையை விட்டு உயர்ந்து நின்றால் அது முன்பாத வாரஸ். வெளிப்பக்கம் உயர்ந்து நின்றால் முன்பாத வால்கஸ். உயர்ந்து நிற்கும் பக்கத்துக்கும் தரைக்கும் இடையிலுள்ள இடைவெளியை ஆப்பால் நிரப்பிவிட்டால், அந்த இடைவெளியைத் தேடி பாதம் உள்நோக்கியோ வெளிநோக்கியோ உருள வேண்டியிருக்காது என்பது இதன் அடிப்படை. கேட்பதற்கு மிகத் தெளிவான தர்க்கம். அரை நூற்றாண்டாக உலகெங்கும் இன்சோல் செய்பவர்களின் கையை வழிநடத்திய தர்க்கமும் இதுதான். பாதத்தை மூன்று தளங்களில் அசையும் உறுப்பாகப் பார்க்கக் கற்றுக்கொடுத்தவர்கள் என்ற வகையில் அவர்கள்மீது எனக்குள்ள மரியாதை குறையவில்லை.

சிக்கல் அளவீட்டில் இருக்கிறது. 1988-இல் தாமஸ் மெக்பாய்லும் சகாக்களும் இளம்பெண்களின் பாதங்களை அளந்தபோது முன்பாத வால்கஸே மிகுதியாக இருந்தது. நூற்றுக்கு ஏறக்குறைய 45 பாதங்களில் அது காணப்பட, வாரஸ் பத்தில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. 1994-இல் கார்பலோசாவும் சகாக்களும் நலமான மனிதர்களின் பாதங்களை அளந்தபோது நிலைமை தலைகீழானது: நூற்றுக்கு ஏறக்குறைய 87 பாதங்களில் வாரஸ். மனிதப் பாதம் ஆறு ஆண்டுகளில் மாறிவிடவில்லை. குதிகாலின் நடுக்கோட்டை எங்கே வரைகிறோம், நடுநிலை என்று எந்த இடத்தில் நிறுத்துகிறோம், எவ்வளவு அழுத்தத்தில் தள்ளுகிறோம் என்பவற்றில் ஏற்படும் சிறு வேறுபாடே வாரஸை வால்கஸாக்கப் போதுமானது. பின்னர் 2017-இல் இங்கிலாந்தின் சால்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் வலி ஏதுமில்லாத 100 பேரிடம் இதே அளவீடுகளை எடுத்து, அவர்களுடைய நடையோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். படுக்கையில் கண்ட சாய்வைக் கொண்டு நடையில் பாதம் எப்படி அசையும் என்று கணிக்க முடியவில்லை. அப்படியிருக்க, ‘4 டிகிரி வாரஸ், ஆகவே 4 டிகிரி உள்பக்க ஆப்பு’ என்று கணக்குப் போடுவது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

ரூட் குழுவினரே அழுத்திச் சொல்லியிருந்த ஒரு வேறுபாடு அன்றாட வேலையில் மறக்கப்பட்டுவிட்டது என்பதும் இங்கே முக்கியம். குதிகால் பல ஆண்டுகளாக வெளிப்பக்கம் சரிந்தே நிற்கும் தட்டைப் பாதத்தில், தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும் முன்பாதம், குதிகாலோடு ஒப்பிட்டால், உள்பக்கம் உயர்ந்த நிலைக்குப் பழகிப்போகிறது. தசைநார்களும் மூட்டு உறைகளும் அந்த நிலையிலேயே சுருங்கிவிடுகின்றன. இதைச் சூப்பினேட்டஸ் என்பார்கள். பார்ப்பதற்கு வாரஸ் போலவே இருக்கும். ஆனால் இது எலும்பின் வடிவம் அல்ல, மென்திசுக்களின் பழக்கம். கையால் முதல் மெட்டாடார்சலைக் கீழே அழுத்தினால் மெல்ல இறங்கி வரும். இன்சோலுக்காகப் பாதத்தைப் பிளாஸ்டரில் அச்செடுக்கும்போதே அதை இறக்கிவிட்டுத்தான் அச்செடுக்க வேண்டும். அதற்குப் பதிலாக, கண்ணில் பட்ட இடைவெளியை நிரப்புகிறேன் என்று உள்பக்கத்தில் ஆப்பு வைத்தால், இறங்கக்கூடிய ஓர் எலும்பை இறங்கவிடாமல் தாங்கிப் பிடிக்கிறோம். எதைச் சரிசெய்ய வந்தோமோ அதையே நிலைநிறுத்துகிறோம். எலும்பின் அமைப்பிலேயே உள்ள வாரஸைவிடச் சூப்பினேட்டஸைத்தான் நான் மிகுதியாகப் பார்க்கிறேன்.

முதல் மெட்டாடார்சல் ஏன் இறங்க வேண்டும் என்பதற்கு விடை 1954-இல் ஹிக்ஸ் என்ற ஆய்வாளர் விளக்கிய இயக்கத்தில் இருக்கிறது. குதிகால் எலும்பிலிருந்து புறப்பட்டு விரல்களின் அடியில் போய்ச் சேரும் பிளான்டர் ஃபேசியா என்னும் வலுவான பட்டை, பெருவிரல் மேல்நோக்கி மடங்கும்போது, உருளையில் கயிறு சுற்றுவதுபோல முதல் மெட்டாடார்சலின் தலையைச் சுற்றி இழுபடுகிறது. அந்த இழுப்பில் குதிகாலும் முன்பாதமும் நெருங்குகின்றன, வளைவு உயர்கிறது, பாதம் உந்தித்தள்ளுவதற்கேற்ற விறைப்பைப் பெறுகிறது. இவ்வளவும் நடக்க ஒரே ஒரு நிபந்தனைதான்: பெருவிரல் மடங்கும் நேரத்தில் முதல் மெட்டாடார்சல் கீழ்நோக்கியும் பின்நோக்கியும் நகர இடம் வேண்டும். அதன் தலைக்குக் கீழே கெட்டியான ஆப்பு இருந்தால் அந்த இடம் இல்லாமல் போகிறது. பெருவிரல் மூட்டின் மேற்புறத்தில் எலும்புகள் முட்டிக்கொள்கின்றன. நடப்பவர் அதைத் தவிர்க்கப் பாதத்தை வெளிப்பக்கம் திருப்பியோ, குதிகாலைத் தாமதமாகத் தூக்கியோ சமாளிக்கிறார்.

1999-இல் கோக்லரும் சகாக்களும் இறந்தவர்களின் பாதங்களில் ஆப்புகளை மாற்றி மாற்றி வைத்து இந்தப் பட்டையின் இழுவிசையை அளந்தார்கள். முன்பாதத்தின் வெளிப்பக்கத்தில் ஆப்பு வைத்தபோது இழுவிசை குறைந்தது. உள்பக்கத்தில் வைத்தபோது கூடியது. குதிகால் வலியென்று வருபவர்களில் கணிசமானோருக்கு இந்தப் பட்டையில்தான் தொல்லை. அவர்களுக்குத் தட்டைப் பாதம் இருக்கிறதென்பதற்காக முன்பாதத்தின் உள்பக்கத்தை உயர்த்துவது, நொந்திருக்கும் பட்டையை மேலும் இழுப்பதாகவே முடியும். உயிருள்ள காலின் தசைகள் இந்தச் சோதனையில் இல்லை என்பது உண்மைதான். இருந்தாலும் அதன் முடிவு நான் கால்களில் காண்பதோடு ஒத்துப்போகிறது. தடித்த உள்பக்க ஆப்போடு வேறிடத்தில் செய்யப்பட்ட இன்சோலைக் கொண்டுவந்து, "இதைப் போட்ட பிறகுதான் கட்டைவிரல்கிட்ட வலி ஆரம்பிச்சது சார்" என்று சொல்பவர்களிடம், பெரும்பாலும் அந்த ஆப்பின் முன்விளிம்பை மட்டும் தேய்த்து எடுத்துவிட்டாலே மாற்றம் தெரிகிறது. குதிகால் கிண்ணத்தையோ வளைவையோ தொடவேண்டிய தேவையே வருவதில்லை.

நெம்புகோல் கணக்கும் இதையே சொல்கிறது. சப்டேலர் மூட்டின் சுழல்அச்சு, பொதுவாகக் குதிகாலின் பின்புற வெளிப்பக்கத்தில் தொடங்கி, முன்பாதத்தில் முதல் இரண்டு மெட்டாடார்சல்களின் பக்கமாக வெளியேறுகிறது. ஆகவே முதல் மெட்டாடார்சலின் தலை அச்சுக்கு மிக அருகிலும், ஐந்தாவதன் தலை அச்சிலிருந்து வெகு தொலைவிலும் இருக்கின்றன. உள்பக்கத்தில் எவ்வளவு தடிமனாக ஆப்பு வைத்தாலும் பாதத்தை உள்நோக்கிச் சரிவதிலிருந்து நிமிர்த்தும் திருப்புவிசை சிறிதளவே கிடைக்கும். அமெரிக்கப் பாத மருத்துவர் கெவின் கர்பி 1980-களிலிருந்து எழுதிவருவதுபோல, கடுமையான தட்டைப் பாதத்தில் இந்த அச்சே உள்பக்கம் நகர்ந்துவிடுகிறது. அப்போது முதல் மெட்டாடார்சலின் தலைகூட அச்சுக்கு வெளிப்பக்கம் வந்துவிடலாம். அந்த நிலையில் அங்கே கொடுக்கப்படும் மேல்நோக்கிய விசை பாதத்தை இன்னும் சரிக்கவே செய்யும். அத்தகைய காலுக்கு வேலை குதிகாலில்தான். பிளாஸ்டர் அச்சின் குதிகால் உள்பக்கத்தைச் சாய்வாகச் செதுக்கி எடுக்கும் உத்தியை அவர் 1992-இல் வெளியிட்டது இதற்காகத்தான். இதன் மறுபக்கத்தையும் மறக்கக் கூடாது: வெளிப்பக்க ஆப்புக்கு நெம்புகோல் நீளம் அதிகம் என்பதால் 2 அல்லது 3 மில்லிமீட்டர்கூடப் பெரிய விளைவைத் தரும். அடிக்கடி கணுக்கால் பிசகும் காலுக்கு அது பெரும் உதவி. கணுக்காலின் உள்பக்கத் தசைநார் தளர்ந்து சரிந்துகொண்டிருக்கும் காலுக்கு அதுவே கேடு.

ஆகவே ஆப்பை ஒட்டுவதற்கு முன் நிற்கவைத்துப் பார்க்கிறேன். நோயாளி இரு கால்களிலும் சமமாக எடை போட்டு நிற்க, அவருடைய பெருவிரலை என் விரலால் மெதுவாகத் தூக்குகிறேன். வயதானவர்கள் உதவி செய்வதாக நினைத்துத் தாங்களே விரலைத் தூக்கிவிடுவார்கள். "அம்மா, நீங்க தூக்க வேண்டாம், விரலை என் கையிலேயே விட்டுடுங்க" என்று இரண்டு மூன்று தடவை சொல்ல வேண்டியிருக்கும். விரல் எளிதாக எழும்பி, கூடவே வளைவும் உயர்ந்தால் ஹிக்ஸ் சொன்ன இயக்கம் நடக்கிறது என்று பொருள். ஆணி அடித்ததுபோல் விரல் தரையோடு ஒட்டிக்கிடந்தால், முன்பாதத்தின் வெளிப்பக்கத்தின் கீழ் 3 மில்லிமீட்டர் ஈ.வி.ஏ. (நுரை போன்ற பொருள்) துண்டு ஒன்றைச் செருகி மீண்டும் தூக்குகிறேன். பிறகு அதை எடுத்துவிட்டு உள்பக்கத்தில் செருகிப் பார்க்கிறேன். எந்த இடத்தில் விரல் லேசாகிறது என்பதை நோயாளியே சொல்லிவிடுவார். அடுத்ததாக, குதிகாலைக் கையால் நேராக்கிப் பிடித்து, முதல் மெட்டாடார்சல் தரையை விட்டு எழும்புகிறதா, எழும்பினால் மேலிருந்து அழுத்தும்போது இறங்குகிறதா என்று பார்க்கிறேன். இறங்குமானால் உள்பக்க ஆப்பு தேவையில்லை. இந்தச் சோதனைகள் நடையைத் துல்லியமாக முன்கூட்டிச் சொல்லிவிடும் என்று நான் உரிமை கோரவில்லை. ஆனால் எடை விழாத காலை அளப்பதைவிட, எடை விழும் காலில் விசையைக் கொடுத்துப் பார்ப்பது நாம் செய்யப்போகும் சிகிச்சைக்கு நெருக்கமானது.

எவ்வளவு அழுத்தியும் இறங்காத முன்பாதங்கள் உண்டு. கணுக்காலின் உள்பக்கத் தசைநார் பழுதாகி, ஆண்டுக்கணக்கில் சரிந்து இறுகிப்போன நடுவயதுப் பெண்களின் பாதங்கள், பிறவி வளைபாதத்துக்குச் சிகிச்சை பெற்ற பின்னும் முன்பாதத்தில் திருகல் தங்கிவிட்ட கால்கள் ஆகியவற்றில் அந்த இடைவெளி உண்மையானது. அங்கே உள்பக்க ஆப்பு வேண்டும். தயங்காமல் வைக்க வேண்டும். பாதம் தரைக்கு வர முடியாதபோது தரையைப் பாதத்துக்குக் கொண்டுவருவதுதான் அங்கே நம் பணி. அதைக்கூட முழு இடைவெளிக்கும் ஒரேயடியாக நிரப்பாமல், பாதி உயரத்தில் தொடங்கிச் சில வாரங்களில் கூட்டுவதையே விரும்புகிறேன். குழிந்து உயர்ந்த பாதத்தில் நேர்மாறான கேள்வி எழுகிறது. அங்கே முதல் மெட்டாடார்சல் அளவுக்கு மீறிக் கீழே இறங்கி நின்று, மூன்றுகால் முக்காலியின் ஒரு கால் நீண்டுவிட்டதைப்போல, குதிகாலை உள்நோக்கிச் சாய்த்திருக்கும். 1977-இல் கோல்மன் விவரித்த கட்டைச் சோதனை இதற்கென்றே உள்ளது: குதிகாலையும் பாதத்தின் வெளிவிளிம்பையும் ஏறக்குறைய 2.5 சென்டிமீட்டர் கட்டையின் மீது வைத்து, முதல் மெட்டாடார்சலைக் கட்டைக்கு வெளியே தொங்கவிட்டால், குதிகால் நேராகிறதா என்று பார்ப்பது. நேரானால் கோளாறு முன்பாதத்தில் தொடங்குகிறது என்று தெளிவாகிவிடும். முதல் மெட்டாடார்சலின் தலைக்குக் கீழே பள்ளம் விட்டு, இரண்டு முதல் ஐந்து வரை வெளிப்பக்கம் உயரும் ஆப்பு வைத்தால் குதிகால் பின்னாலேயே சரியாகும்.

எங்கே வைப்பது என்று முடிவானதும் எப்படி வைப்பது என்ற கேள்வி வருகிறது. பிளாஸ்டர் அச்சிலேயே மெட்டாடார்சல் தலைகளுக்குக் கீழே சிறு மேடை கட்டி, அச்சை வேண்டிய கோணத்தில் நிறுத்தி, அதன்மேல் பாலிபுரோப்பிலீன் பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கி வார்த்தால், ஆப்பு தகட்டின் வளைவுக்குள்ளேயே வந்துவிடும். இன்சோல் மெலிதாக இருக்கும், காலணிக்குள் அடங்கும். ஆனால் பிறகு கூட்டவோ குறைக்கவோ முடியாது. தகட்டின் அடியில் ஈ.வி.ஏ. அல்லது கார்க் துண்டை ஒட்டித் தேய்த்தால் தடிமன் கூடும், திருத்துவது எளிது. இந்த இரண்டுமே மெட்டாடார்சல் தலைகளுக்குப் பின்னால் முடிந்துவிடுகின்றன என்பதைக் கவனிக்க வேண்டும். குதிகால் தரையை விட்டு எழும்பிய பிறகு எடை முழுவதும் தலைகளுக்கும் விரல்களுக்கும் போய்விடுவதால், தகட்டோடு முடியும் ஆப்புக்கு அதன்பின் வேலையில்லை. உந்தித்தள்ளும் கட்டத்திலும் விளைவு வேண்டுமானால் விரல்களின் மடிப்புவரை நீளும் மெல்லிய நீட்சி தேவை. நடையின் எந்தக் கட்டத்தில் வலிக்கிறது என்று கேட்காமல் இதில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது பொருளற்றது.

உத்தரவுச் சீட்டில் டிகிரியில் எழுதும் வழக்கத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பட்டறையில் ‘ஒரு டிகிரிக்கு ஒரு மில்லிமீட்டர்’ என்று வாய்ப்பாடு வைத்திருக்கிறார்கள். அது 57 மில்லிமீட்டர் அகலத்துக்கு மட்டுமே சரி. அந்த அகலமுள்ள குழந்தையின் முன்பாதத்துக்கு 4 டிகிரி என்றால் 4 மில்லிமீட்டர். 90 மில்லிமீட்டர் அகலமுள்ள ஆணின் பாதத்துக்கு அதே 4 டிகிரி 6.3 மில்லிமீட்டர் ஆகிறது. சீட்டில் டிகிரியோடு மில்லிமீட்டரையும், அது எந்த இடத்தில் அளந்த உயரம் என்பதையும் எழுதிவிட்டால் எழுதுபவருக்கும் செய்பவருக்கும் இடையே குழப்பம் வராது.

நம் ஊரில் இன்னொரு தடை காலணியே. விரல் நுழையும் வார் வைத்த செருப்பில் தனி இன்சோல் நிற்காது. முன்பகுதி குறுகிய ஷூவுக்குள் நீட்சி ஆப்பை வைத்தால் விரல்கள் மேல்தோலில் உரசும். உள்பக்கம் உயர்ந்தால் பாதம் வழுக்கிச் சுண்டுவிரல் பக்கம் நெருக்கும். வீட்டுக்குள் வெறுங்காலோடு நடப்பவர்களுக்கு, வெளியே போகும் ஒரு மணி நேரம் அணியும் ஷூவில் நுட்பமான ஆப்பு வைத்துப் பயன் குறைவு. பின்வார் உள்ள சாண்டலின் எம்.சி.ஆர். (நுண்துளை ரப்பர்) மெத்தைக்கும் அடிப்பாகத்துக்கும் நடுவே ஆப்பைப் பொதிந்து தைப்பதும், வீட்டுக்கென்று அதே அமைப்பில் இன்னொரு ஜோடி செய்வதும் நம் வாழ்க்கைமுறைக்குப் பொருந்துகின்றன. இந்த எம்.சி.ஆர். செருப்புக்கு இங்கே நீண்ட வரலாறு இருக்கிறது. 1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்டும் அவரோடு உழைத்தவர்களும் தொழுநோயால் உணர்விழந்த பாதங்களில் புண் ஏன் வருகிறது என்பதை ஆராய்ந்து, பதில் அழுத்தத்தில் இருக்கிறது என்று கண்டார்கள். சர்க்கரை நோயால் உணர்விழந்த பாதங்களுக்கும் அதுவே பொருந்தும். அத்தகைய பாதத்தில் ஆப்பின் கூரான விளிம்பு எந்த வலியும் தராமலேயே புண்ணை உண்டாக்கிவிடும். மெட்டாடார்சல் தலைக்கு நேர் கீழே கெட்டிப்பொருளால் ஆன ஆப்பை அங்கே நான் வைப்பதில்லை. சாய்வு கட்டாயம் வேண்டுமென்றால் செருப்பின் அடிப்பாகத்துக்கு வெளியே கொடுத்து, பாதம் படும் மேற்பரப்பை மென்மையாகவும் மடிப்பின்றியும் விடுகிறேன். புதிய செருப்பைப் போட்ட முதல் நாட்களில் ஒவ்வொரு மாலையும் பாதத்தைக் கண்ணாடியில் பார்க்கச் சொல்லிவிட்டுத்தான் அனுப்புகிறேன்.

ஆப்பு சரியான இடத்தில் இருக்கிறதா என்பதை அணிந்து தேய்ந்த இன்சோலே காட்டும். மேலுறையில் பெருவிரலின் பந்துப்பகுதியும் இரண்டாம் விரலின் அடியும் ஓரளவு சமமாக அழுந்தியிருந்தால் அப்படியே விட்டுவிடலாம். பெருவிரலின் நுனி மட்டும் ஆழமாகப் பதிந்து, பந்துப்பகுதி புதிதாகவே இருந்தால், உந்தும்போது மூட்டு மடங்காமல் விரல்நுனியால் தள்ளுகிறார் என்று சந்தேகிக்க வேண்டும். உள்பக்கத்தில் உயரம் இருக்குமானால் அதைத்தான் முதலில் தேய்க்க வேண்டும். இரண்டாம் மூன்றாம் மெட்டாடார்சல்களின் கீழே தோல் தடித்திருந்தால், முதல் மெட்டாடார்சல் தன் பங்கை ஏற்கவில்லை என்று கொண்டு, அதன் தலைக்குக் கீழே தகட்டை வெட்டி இடம் விட்டுப் பார்க்கலாம். இவை எல்லாமே கிரைண்டரில் சில நிமிட வேலைதான். அதற்காகவே, திரும்பி வர முடிந்த நோயாளிகளுக்கு முதல் ஜோடியில் அடியில் ஒட்டும் ஆப்பையே கொடுத்து, ஒன்றரை மாதம் நடந்து வந்த பிறகு, இரண்டாம் ஜோடியில் அதைத் தகட்டுக்குள் வார்த்துக் கொடுக்கிறேன்.